விளிம்பைக் கடித்தது யார்?

அத்தியாயம் 11

மூன்றாம் நாளாக எலிப்பொறிக்குள் மசால்வடை வைத்தது வைத்தபடி இருந்தது.

சந்திரகலா பொறியைக் காலால் ஒதுக்கினாள். வடை காய்ந்து, தட்டினால் சத்தம் வரும் பக்குவத்துக்கு வந்திருந்தது.

"மசால்வடைய உட்டுட்டு மண்ணத் துன்ற எலி எந்த ஊர்ல கீது?" என்று கொட்டகைச் சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவர் பேசாமல் இருந்தது. இந்த வீட்டில் அவள் கேட்கும் கேள்விகளுக்கு மனிதர்களே பதில் சொல்வதில்லை. சுவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

கதையை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்னேரிக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே வீடு. கணவர் துளசிராமன் நெல் விவசாயி. மகன் பரத் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மருமகள் தமிழ்செல்வி காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். இத்தனை ஒழுங்கான குடும்பத்தில் சந்திரகலாவுக்கு மட்டும், ஐம்பதை நெருங்குகிற வயதில், மண் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஆரம்பித்து வைத்ததே பரத்தின் தொழிற்சாலை ஆண்டு விழாதான். வேடிக்கைக்காக ஒரு குயவர் சக்கரத்தைச் சுழல விட்டு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். மற்ற பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இவள் எழவில்லை. டிராக்டர் நின்ற கொட்டகையில் இப்போது சக்கரமும், மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பரத் பிடித்து வந்த பழைய மின்சாரச் சூளையும் இருக்கின்றன. டிராக்டர் வெயிலில் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்லாமல் துளசிராமன் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை.

சென்னையில் வருடா வருடம் மண்பாண்டக் கலைஞர்கள் கூடி ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் மரியாதையாக வேண்டாம் என்றார்கள். இந்த வருடம் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு பெரிய ஜாடி, அதைச் சுற்றி வைக்கக் கோப்பைகள். தன் சொந்த ஊர் ஏரி வண்டலில் செய்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏற்றியவை. சனிக்கிழமை வண்டி வருகிறது. இன்று வியாழன். இன்று சூளையில் ஏற்றினால்தான் நாளை ஆறும். நாளை ஆறினால்தான் சனிக்கிழமை ஏறும்.

இந்த நேரம் பார்த்துத்தான், காய வைத்திருந்த கோப்பைகளின் விளிம்பை எதுவோ கடித்துக்கொண்டிருக்கிறது.

விளிம்புதான் சந்திரகலாவின் கர்வம். அப்பளம் போல மெல்லியதாக இழுப்பாள். உதட்டில் வைத்தால் கோப்பை இருப்பதே தெரியக்கூடாது என்பது அவள் கொள்கை. அந்த விளிம்பில்தான் பிறை நிலா மாதிரி கடி. முதலில் அணில் மேல் சந்தேகப்பட்டாள். பிறகு பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணனின் ஆட்டின் மேல். நடுவில் ஒரு நாள் கணவர் மேலும் சந்தேகப்பட்டாள், ஆனால் அவருக்கு உப்பு, உறைப்பு இல்லாத எதுவும் தொண்டையில் இறங்காது.

நேற்று மாலை அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கமே எட்டிப் பார்த்தது. "எவனா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி, இன்னொரு கோப்பை மேல பல்லு பட்டுச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" துளசிராமன் பொறிக்குள் கிடந்த வடையைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தமிழ்செல்வி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தத்துக்குப் பலன் இருந்தது போலிருக்கிறது. இன்று பலகையில் புதிதாக எதுவும் கடிபடவில்லை. அப்பாடா என்று சந்திரகலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சூளைக் கதவைத் திறந்தாள்.

ஒரு கோப்பையைக் கையில் எடுத்ததும் கோபமெல்லாம் கொஞ்சம் வடிந்தது. அவளுக்கு இது எப்போதும் நடப்பதுதான். சக்கரத்தின் நடுவில் மண்ணை அறைந்து, ஈரக் கையால் அணைத்துப் பிடிக்கும்போது முதலில் அது முரண்டு பிடிக்கும். ஆடும், தள்ளும், தோள் வரைக்கும் உலுக்கும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை அடக்கி, விடாமல் பிடித்தால் சட்டென்று ஆட்டம் நின்றுபோகும். சுழல்வதே தெரியாமல் சுழலும். அந்த நேரத்தில் அவளுக்குக் கணவரும் இல்லை, மருமகளும் இல்லை, உலையில் வைத்த அரிசியும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லலாம் என்றால், கேட்பதற்கு இந்த வீட்டில் ஆள் கிடையாது.

உறவுக்காரர்கள் அதற்கு மேல். ஆசையாகக் கொடுத்த கோப்பையில் நாத்தனார் பல் துலக்கும் பிரஷ்ஷைப் போட்டு வைத்திருக்கிறாள். பொன்னேரி சித்தப்பா வீட்டில் அது புளி ஜாடி. புதுவாயல் மச்சினருக்குக் கொடுத்ததில் அவர் சிகரெட் சாம்பலைத் தட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள்.

"அத்தை, எடுத்துக் குடுக்கட்டுமா?"

வாசலில் தமிழ்செல்வி. முகத்தில் மாஸ்க். இந்தப் பெண்ணுக்கும் மண்ணுக்கும் ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'டஸ்ட் அலர்ஜி' என்று சொல்லிக் கொட்டகைப் பக்கம் தலை காட்டாதவள், ஒரு வாரமாக உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டுவிட்டு, நாளுக்கு நான்கு முறை இந்தப் பக்கம் நடக்கிறாள்.

"காலைல வாந்தி எடுத்தியே, போய்ப் படு."

"படுத்தா இன்னும் பொரட்டுது அத்தை. சும்மா நின்னு குடுக்கறேன்."

நல்லதாகப் போயிற்று என்று சந்திரகலா குனிந்தாள். ஒவ்வொன்றாக மருமகள் எடுத்து நீட்ட, மாமியார் உள்ளே அடுக்கினாள். பாதியில் மின்விளக்கு மங்கி, வோல்டேஜ் மீட்டர் முள் தடுமாறியது.

"மோட்டாரப் போட்டுட்டாரு!" சந்திரகலா வாசலுக்கு ஓடினாள். "ஏங்க! இன்னிக்கு ஒரு நாளு மோட்டாரு போடாதீங்கன்னு எத்தினி தபா சொன்னேன்?"

வயல் வரப்பிலிருந்து துளசிராமன் பதிலுக்குக் கையை ஆட்டினார். அவருக்குக் கேட்கவில்லை. சரி, போகிறேன், கவலைப்படாதே, எல்லாவற்றுக்கும் அவருக்கு அதே ஆட்டல்தான். ஓடிப் போய் அவளே சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தால் கைபேசி. கண்காட்சி நடத்துகிற பானு மேடம்.

"சந்திரகலா மேடம், உங்க செட்டைத்தான் ஹாலுக்கு நடுவுல வைக்கப் போறோம். ஜாடிக்குத் தனியா லைட்டு சொல்லிட்டேன். சனிக்கிழமை வண்டி வந்துடும். ஓகேதானே?"

"ஓகே மேடம்," என்றாள் சந்திரகலா. ஹாலுக்கு நடுவில்! இதைச் சொல்லி ஆடுவதற்கும் ஒரு ஆள் வேண்டாமா? மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். மறுபடி வாந்தி.

மிச்சத்தைச் சந்திரகலாவே அவசர அவசரமாக அடுக்கினாள். கடிபட்டவை தவிர்த்து நல்லதெல்லாம் உள்ளே. இடம் இருந்த மூலையில் எது கிடைத்ததோ அது. முன்னால் காவல்காரன் மாதிரி அந்தப் பெரிய ஜாடி. கதவைச் சாத்தி, சூட்டை ஏற்றினாள்.

மத்தியானம். சூளையின் வெப்ப மீட்டர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சந்திரகலா கடிபட்ட கோப்பைகளை ஒரு வாளியில் உடைத்துப் போட்டாள். கரைத்தால் மறுபடி மண், மறுபடி கோப்பை. மண்ணில் இருக்கிற ஒரே நல்ல குணம் அது, சுடுகிற வரைக்கும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாது.

தண்ணீரை ஊற்றினாள். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் புஸ்ஸென்று எழுந்தது. கூடவே வாசனை. கோடையில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அது.

"அத்தை, சாப்புட..." என்று வந்த தமிழ்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாஸ்க் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கண்கள் வாளியின் மேல். மூச்சை இழுத்தாள், விடவில்லை. பிறகு எச்சிலை விழுங்கினாள்.

சந்திரகலாவின் கை அப்படியே நின்றது.

அந்த விழுங்கல் அவளுக்குத் தெரியும். பரத் வயிற்றில் இருந்தபோது அவளுக்குப் பலப்பம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலேட்டில் எழுத வைத்திருந்த பலப்பத்தையெல்லாம் வாங்கி, அரிசி டப்பாவில் ஒளித்து, கறுக் கறுக்கென்று தின்றவள் அவள். பலப்பப் பெட்டியைக் கண்டால் நாக்கு தானாக ஊறும். இதே மாதிரிதான் விழுங்குவாள்.

வாந்தி. லீவு. மசால்வடையைத் தொடாத எலி.

"தமிழு. இங்க வா."

"இல்ல அத்தை, டஸ்ட்டு..."

"வான்றேன்ல."

வந்தாள். உதட்டோரத்தில், நன்றாகப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று.

"எத்தினி நாளா துன்ற?"

"எத அத்தை?"

"என் கோப்பைய."

தமிழ்செல்வியின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. தரையைப் பார்த்தாள்.

"விளிம்பு மட்டுந்தான் அத்தை. அதுதான் மெல்லிசா, மொறுமொறுன்னு..."

இத்தனை வருடத்தில் அவள் விளிம்பை வாயாரப் புகழ்ந்த முதல் ஆள் இதுதான். சந்திரகலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மருமகளின் தோளைப் பிடித்தாள். "அடிப் பாவிப் பொண்ணே! எத்தினி மாசம்?"

"ரெண்டு முடிஞ்சிருச்சு."

"பரத்துக்கு?"

"தெரியாது." தமிழ்செல்வி மாமியாரின் மண் கையை அப்படியே இறுக்கிப் பிடித்தாள். டஸ்ட் அலர்ஜி எங்கே போயிற்றோ தெரியவில்லை. "சொல்லாதீங்க அத்தை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். போன வருஷம் மூணாவது மாசமே ஊருக்கெல்லாம் ஸ்வீட்டு குடுத்தாரு. அப்புறம் கலைஞ்சு போனது உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்ல, கல்யாண வீட்ல, பஸ் ஸ்டாப்புல, பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா இல்லைன்னு சொன்னேன். அவரு வெளிய ஒண்ணும் காட்டிக்கல. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவாரு. இந்தத் தடவை நாலு மாசம் தாண்டட்டும். நானே சொல்றேன்."

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, கடித்தது அணிலா ஆடா என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தோமே என்று சந்திரகலாவுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா மண்ணு துன்னக்கூடாதுடி. ஒடம்புல ரத்தம் கம்மியா இருந்தாத்தான் இப்பிடிக் கேக்கும். சாயங்காலம் நம்ம ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போறோம். சரியா?"

தமிழ்செல்வி தலையாட்டினாள். அப்போதுதான் துளசிராமன் உள்ளே வந்தார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொட்டகை மூலைகளையெல்லாம் ஆவலாகக் குனிந்து பார்த்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"இன்னா, உழுந்துதா?"

"இன்னாது உழுந்துதா?"

"எலி!" என்றார். "நேத்து நீ கத்துன கத்துல எனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணேன்னு வெச்சிக்கோ. அது வடைய ஏன் துன்னல? அதுக்கு வடை புடிக்கல. கோப்பை விளிம்புதான் புடிக்குது. அப்போ மருந்த எங்க வெக்கணும்?"

சந்திரகலா அவரையே பார்த்தாள்.

"விளிம்புலதான் வெக்கணும்!" துளசிராமன் தொடையைத் தட்டினார். "நேத்து வெளக்கு வெச்சப்புறம் வந்தேன். வயல் எலிக்கு வாங்குன மருந்து கொஞ்சம் இருந்துச்சு. உன் மண்ணையே கரைச்சு, அதுல கலந்து, ஒரு கோப்பை விளிம்புல பூசி உட்டேன். எலிக்குச் சந்தேகம் வரக்கூடாது பாரு, சுத்தமா வித்தியாசம் தெரியாது. காலைல செத்த எலியக் காட்டி உன்னை அசத்தலாம்னுதான் சொல்லல."

இந்த மனிதர் இப்படித்தான். போன தீபாவளிக்கு, அவள் சுடாமல் காய வைத்திருந்த அகல் விளக்குகளைத் தூசியாக இருக்கிறதே என்று ஓஸ் பைப்பில் கழுவிக் கொடுத்தார். மொத்தமும் சேறாகிக் கால்வாயில் போயிற்று. உதவி என்று அவர் கையைத் தூக்கினாலே அவளுக்குப் பகீர் என்னும். ஆனால் இப்போது வந்தது அந்தப் பகீர் இல்லை.

"தமிழு," என்றாள். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. "நேத்து ராத்திரி?"

தமிழ்செல்வியின் கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது.

"ஒண்ணு எடுத்தேன் அத்தை. நீங்க சத்தம் போட்டீங்களே, கடிச்சு வெச்சா கண்டுபுடிச்சிருவீங்கன்னு முழுசா எடுத்துக்கினு போனேன். விளிம்பத் தின்னுட்டு மீதியக் கெணத்தாண்ட போட்டுட்டேன். பைப்புத் தண்ணி ஓடுற எடம். கரைஞ்சிருக்கும்."

"எந்தக் கோப்பை?"

"தெரியல அத்தை. இருட்டு."

துளசிராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தக் கோப்பைல பூசுனீங்க? சொல்லுங்க!"

"அது... கைப்புடி கோணலா ஒண்ணு வெச்சிருந்தியே. நல்லதெல்லாம் கெடக்கூடாதுன்னு, பாத்துத்தான்..."

கோணல் கைப்பிடி. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சந்திரகலா பலகைக்குப் பாய்ந்தாள். பலகை காலி. அதைச் சூளையில் வைத்தோமா? மூலையில் கிடைத்ததைச் செருகினாளே, அப்போதா? மோட்டாருக்கு ஓடியது நினைவிருக்கிறது. பானு மேடம் நினைவிருக்கிறது. கோணல் கைப்பிடி கையில் பட்டதா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"காலைல நீ எடுத்துக் குடுத்தியா?"

"பாக்கல அத்தை. எல்லாம் ஒரே மாதிரி..." தமிழ்செல்வி மாமியாரின் முந்தானையைப் பிடித்தாள். "காலைலேர்ந்து வாந்தி எடுக்கறேன் அத்தை. இது அந்த வாந்தியா, இல்ல இந்த வாந்தியா?"

"முனிகிருஷ்ணன் காரக் கொண்டாங்க. ஓடுங்க!" என்று சந்திரகலா போட்ட சத்தத்தில் துளசிராமன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

கார் வருவதற்குள் ஒன்று தெரிந்தாக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மருந்து உள்ளே போயிற்றா, இல்லையா? தெரியாது என்று போய் நின்றால், போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். வயிற்றைக் கழுவுவார்கள், கடுமையான மருந்து ஏற்றுவார்கள். அந்த ரெண்டு மாத உயிர் என்ன ஆகும்?

பதில் சூளைக்குள் இருந்தது. மீட்டர் ஐந்நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

எட்டிப் பார்க்கும் துளையில் கண்ணை வைத்தாள். ஜாடியின் வயிறுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

இந்தச் சூட்டில் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று சந்திரகலாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்காற்று பட்டதும் ஒன்றும் மிஞ்சாது. விளிம்பு மெல்லிசாக இருப்பது முதலில் போகும். வேறு மண் பிசைந்து, வேறு ஜாடி செய்து, காய வைக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும். வண்டி நாளை மறுநாள்.

சுவிட்சை அணைத்தாள். பரத் கொண்டு வந்து கொடுத்திருந்த வெல்டிங் கையுறையை மாட்டினாள்.

"அத்தை, வேணாம் அத்தை! உங்க கண்காட்சி..."

"தள்ளிப் போய் நில்லு. அனல் அடிக்கும்."

திறந்தாள்.

முகத்தில் அனல் அறைந்தது. புருவ முடி பொசுங்கிய வாசம் வந்தது. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு மேல்தட்டில் 'ட்டிக்' என்று ஒரு சத்தம். அடுத்தது. அதற்கடுத்தது. பொரிகிற கடுகு போல வரிசையாக வெடித்தன. கூழாங்கல்லால் ஒரு மாதம் தேய்த்த கோப்பைகள். சந்திரகலா அவற்றைப் பார்க்கவில்லை. கீழ்த்தட்டுக்குக் குனிந்தாள்.

ஜாடி மறைத்தது.

இரண்டு கையாலும் அணைத்து அதை வெளியே தூக்கினாள். கையுறைக்குள்ளேயே விரல்கள் வெந்தன. சிமென்ட் தரையில் இறக்கிய மாத்திரத்தில், அவள் கை விலகுவதற்கு முன்பே, தனி லைட் போடவிருந்த ஜாடி கழுத்திலிருந்து அடி வரைக்கும் இரண்டாகப் பிளந்தது. அவள் திரும்பவில்லை. டார்ச்சை அடித்து, மூலையைப் பார்த்தாள்.

இருந்தது.

மேல்தட்டை முட்டிக்கொண்டு, கோணல் கைப்பிடியோடு, அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தது. விளிம்பு சுற்றிலும் முழுசாக இருந்தது. ஒரு பல் படவில்லை.

"கீதுடி!" என்று கத்தினாள். "முழுசா கீது! நீ துன்னது அது இல்ல!"

தமிழ்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சந்திரகலா கையுறையை உதறிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னால் சூளைக்குள் இன்னும் ஒன்றிரண்டு வெடித்துக்கொண்டிருந்தன. வெடிக்கட்டும். மூன்று வருட ஆசை போயிற்று, அழவேண்டும்தான். ஆனால் இப்போது வருகிற கண்ணீர் அதற்கானது இல்லை. அதை அப்புறம், ஆற அமர, இந்த மனிதரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அழுதுகொள்ளலாம்.

வெளியே கார் சத்தம். துளசிராமன் மூச்சிரைக்க ஓடி வந்தார். பிளந்து கிடந்த ஜாடியைப் பார்த்தார்.

"அட, வெளிய வந்துடுச்சா? அதுக்குள்ள வெந்துடுச்சா?"

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "உங்க கோப்பை உள்ளதான் கீது. புள்ள அதத் தொடல. இருந்தாலும் டாக்டர்கிட்டக் காட்டிடுவோம். கெளம்பலாம், வாங்க."

துளசிராமன் கையெடுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு சொன்னார்: "அப்போ சரி. பரத்து நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடுவான்."

"பரத்தா?"

"போன் பண்ணேன்ல. காரு எடுக்கப் போறப்பவே பண்ணிட்டேன். பைக்க எடுத்துட்டான்."

"இன்னான்னு சொன்னீங்க?"

"உள்ளத சொன்னேன். 'உன் பொண்டாட்டி எலி மருந்து துன்னுட்டாடா, ஓடியா'ன்னேன்." சந்திரகலாவின் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "அவன் வேற ஒண்ணும் கேக்கல. போன வெச்சுட்டான்."

போன வருடத்துக்குப் பிறகு வாய் திறந்து அழாத மனைவி. ஒரு வாரமாக லீவு போட்டு அறைக்குள் கிடக்கிற மனைவி. எலி மருந்து தின்றுவிட்டாள் என்று அப்பாவே சொன்னால், அந்தப் பிள்ளை வேறு என்ன நினைப்பான்? கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை. எதிரும் புதிருமாகக் கன்டெய்னர் லாரிகள். அந்த நினைப்போடு பைக்கில்.

தமிழ்செல்வி எழுந்து நின்றாள். முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க அத்தை. நாலு மாசம் எல்லாம் வேணாம். இப்பவே சொல்லிடறேன்."

பரத்தின் போனில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.